கோழி எலும்புன்னு எழுதுங்க

கோகோன் தத்தகுப்தா என்ற பெயரில் உலகத்தில் யாருமே இல்லை என்று எனக்குத் தெரியவந்த நேரத்தில், அந்த இல்லாத மனிதர் ஹனோய் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வாயை அகலத் திறந்தபடி படுத்திருந்தார்.

என் காதலி தோர்ஷாதான் போன் செய்தாள்.

"அப்பாவோட பயண இன்ஷூரன்ஸை நீதானே எடுத்தே?"

"ஆமா. சாப்பாட்டு வேளையில உட்கார்ந்து கம்ப்யூட்டர்லயே எடுத்தேன். ஏன்?"

"அதுல அப்பா பேரு என்னன்னு போட்டே?"

"கோகோன் தத்தகுப்தா."

"அது அப்பாவோட வீட்டுப் பேரு."

"பேட்டையே அப்படித்தானே கூப்பிடுது?"

"பேட்டை கூப்பிடும். பாஸ்போர்ட் கூப்பிடாது. பாஸ்போர்ட்ல ஹிமாத்ரிசேகர் தத்தகுப்தா. ரெண்டு வருஷமா வீட்டுக்கு வந்து டீ குடிக்கறே, எங்கப்பா பேரு தெரியாதா உனக்கு?"

தெரியாது என்பதுதான் வெட்கக்கேடு. எங்கள் வங்காளத்தில் ஆளுக்கு இரண்டு பெயர். நல்ல பெயர் பள்ளிக்கூடத்துக்கும் பாங்குக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் சுடுகாட்டு ரசீதுக்கும். வீட்டுப் பெயர் மற்ற எல்லாவற்றுக்கும். கோகோன் என்றால் சின்னப் பையன். அறுபத்தாறு வயதான, மூக்குக் கண்ணாடி போட்ட, ஓய்வுபெற்ற பூகோள வாத்தியாரை பிஜய்கர் பேட்டை முழுவதும் 'சின்னப் பையன் அண்ணா' என்று பொருள்படும்படி 'கோகோன் தா, கோகோன் தா' என்று கூப்பிடும். யாருக்கும் சிரிப்பு வராது. அவருக்கும் வராது, அவருக்கு எதற்குமே வராது.

எனக்கும் ஒரு நல்ல பெயர் இருக்கிறது, சௌம்யதீப் பாக்சி. கூடவே ஒரு வீட்டுப் பெயரும் இருக்கிறது, ஹூலோ. கடுவன் பூனை. பிறந்த அன்று நான் அழுத விதத்தைக் கேட்டு என் சித்தி வைத்த பெயர். முப்பத்தொரு வருஷமாக அதை வீட்டுக்கு வெளியே போகவிடாமல் கட்டிக் காத்துவந்தேன். ஒரே ஒரு தடவைதான் தவறியது. தோர்ஷா வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா போன் செய்து, நாலு வீட்டுக்குக் கேட்கும் குரலில், "ஹூலோ, மப்ளர் சுத்திக்கிட்டியாடா?" என்றாள். தோர்ஷா சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தாள். நல்லவேளை, எதிரே மேஷோ பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் அசையவில்லை.

மேஷோ என்பது தோர்ஷாவின் அப்பாவை நான் கூப்பிடும் முறை. சித்தப்பா என்பதற்குச் சமம். காதலியின் அப்பாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும். மாமனார் என்ற சொல்லுக்கும் இதற்கும் நடுவே பல மைல் தூரம். அவரோ என்னை "பாக்சி பாபு" என்பார், "நீங்க" என்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவனைக்கூட "என்னடா கண்ணா" என்று கேட்கும் மனிதர், என்னிடம் பேசும்போது மட்டும் அரசாங்கக் கடிதம் மாதிரி பேசுவார்.

"சரி, மேஷோவுக்கு என்ன ஆச்சு?"

தோர்ஷா குரலைத் தாழ்த்தினாள். "தொண்டையில முள்ளு."

"என்ன முள்ளு?"

"மீன் முள்ளு."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "மேஷோவுக்கா?"

"கத்தாதே."

தத்தகுப்தாக்கள் பத்மா நதிக்கு அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள், மீன் என்றால் உயிர். மேஷோ உடம்பெல்லாம் முள்ளான இலிஷ் மீனை வாயில் போட்டுக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல், நாக்காலேயே முள்ளைப் பிரித்துத் தட்டோரத்தில் அடுக்கி வைப்பார். பார்ப்பதற்குத் தபால் ஆபீசில் கடிதம் பிரிப்பது மாதிரி இருக்கும். மீனை முள்ளில்லாமல் கேட்பவர்களை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னை அவர் இன்னும் சேர்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். என் முதல் விருந்தில் நான் முள்ளுக்குப் பயந்து கத்திரிக்காயோடு நின்றுவிட்டேன்.

முப்பத்துநாலு வருஷம் வரைபடத்தில் காட்டிக்கொண்டிருந்த ஹனோயின் செந்நதியை நேரில் பார்க்கப் போனவர், அதன் கரையில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, கூட வந்த சுற்றுலாக்காரர்கள் பதினெட்டுப் பேருக்கு முள் எடுக்கும் வித்தையை விளக்கியிருக்கிறார். "பத்மாவோட இலிஷ் மீனுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு முள்ளா" என்று ஆரம்பித்தவர், 'முள்ளா'வை முடிக்கவில்லை.

"இது பேட்டையில தெரிஞ்சா அப்பா திரும்பி வர மாட்டார். வியட்நாம்லயே வீடு பார்த்துக்குவார்" என்றாள் தோர்ஷா. "அதோட நீ போட்ட பேரு வேற. ஆஸ்பத்திரிக்காரங்க இன்ஷூரன்ஸுக்குப் போன் பண்ணினா, அப்படி ஒரு ஆளே பாஸ்போர்ட்ல இல்லைங்கறாங்களாம். ஒழுங்கா இந்த க்ளெய்மை முடிச்சுக் குடு. இல்லேன்னா பால்குன மாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பிப்ரவரி நடுவில் பிறக்கும் பால்குன மாதத்தில்தான் எங்கள் கல்யாணம் என்று நானும் தோர்ஷாவும் முடிவு செய்திருந்தோம். மேஷோ இன்னும் முடிவு செய்யவில்லை. நாலு தடவை கேட்டாயிற்று. நாலு தடவையும் "பார்ப்போம்" என்றார். இதற்கிடையில் தோர்ஷாவின் பெரிய அத்தை ஒருத்தி, உத்தர்பாராவில் ஒரு என்ஜினியர் இருப்பதாகவும், அவன் முள்ளோடு மீன் சாப்பிடுவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் நடுவில் மேஷோவும் தோர்ஷாவின் அம்மாவும் ஊர் திரும்பினார்கள். நான் க்ளெய்ம் படிவத்தை எடுத்துக்கொண்டு பிஜய்கர் போனேன்.

மேஷோ கழுத்தில் இரண்டு மப்ளரோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். குரல் ரம்பம் மாதிரி கரகரத்தது. காரணம் சொல்ல வேண்டிவரும் என்று வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. மார்க்கெட் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வேளையும் குழைந்த சோறு.

மாஷிமா, அதாவது தோர்ஷாவின் அம்மா, டீயை வைத்துவிட்டுப் புலம்பினாள். "அந்த ஊர்ல அவசரத்துக்கு ஒரு பூனைகூடக் கிடைக்கலப்பா. நம்ம ஊரா இருந்தா பூனை காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன், முள்ளு தானா இறங்கியிருக்கும்."

"பூகோளம் படிச்ச வீட்டுல பேசற பேச்சா இது?" என்றது ரம்பம். பிறகு என் பக்கம் திரும்பியது. "பாக்சி பாபு, உபாதைக்குக் காரணம்ங்கற இடத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"மீன் மு..."

"கோழி எலும்புன்னு எழுதுங்க."

"மேஷோ, ஆஸ்பத்திரிக் காகிதத்துல மீன்னு இருக்கே."

"அது வியட்நாம் பாஷை. இங்க யாரு படிக்கப்போறா?"

"கீழே இங்கிலீஷ்லயும் போட்டிருக்காங்க."

"பொடி எழுத்துதானே."

மாமனார் ஆகக்கூடிய ஒருவர் சொல்லும்போது கோழி என்ன, ஒட்டகம் என்றாலும் எழுதிவிட வேண்டியதுதான். எழுதினேன். தொடர்பு எண் என்ற இடத்தில் அவர் வழக்கம்போல லேண்ட்லைன் எண்ணைச் சொன்னார். அந்தப் போன் புயலில் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அதைத் தினமும் துடைத்து, மேலே பூவேலை போட்ட துணி விரித்து வைத்திருக்கிறார். "நாப்பது வருஷ நம்பர். எல்லாத்துலயும் அதான்" என்றார்.

கிளம்பும்போது துணிந்து கேட்டேன். "மேஷோ, நம்ம அந்த விஷயம்..."

"முதல்ல க்ளெய்ம் முடியட்டும்."

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கேமக் தெருவில், லிப்ட் வேலை செய்யாத கட்டிடத்தில் நாலாவது மாடி. ஆறாம் நம்பர் கவுன்ட்டரில் திருமதி சாந்த்ரா உட்கார்ந்து சிவப்புக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கீழ் விளிம்பு ஆரம்பித்திருந்தது.

"நீங்க பாலிசிதாரரா?"

"இல்ல."

"சொந்தமா?"

"இன்னும் இல்ல."

ஊசி நின்றது. "இன்னும் இல்லைன்னா?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். பேச்சு நடந்துக்கிட்டிருக்கு."

"மூணாம் மனுஷங்ககிட்ட ஃபைல் விஷயம் பேசக் கூடாது சார். காகிதத்தைக் குடுங்க, வாங்கிக்கிட்டேன்னு முத்திரை வச்சுத் தரேன். மத்தது லெட்டர்ல வரும்."

"ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிட்டீங்கன்னா..."

"லெட்டர்ல வரும்."

வந்தது. மேஷோ அதை மூக்குக்கு அருகில் வைத்துக் கரகரவென்று படித்தார். "ஆவணங்கள் நிறைவாக இல்லை. உரிய நபர் மூலம் சமர்ப்பிக்கவும்." படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "உரிய நபர்னு போட்டிருக்கான். போய்ப் பாருங்க, பாக்சி பாபு."

நான் போய்ப் பார்க்கவில்லை, உட்கார்ந்து யோசித்தேன். அதுதான் தப்பு. பாலிசியில் இருப்பவர் கோகோன், பாஸ்போர்ட்டில் இருப்பவர் ஹிமாத்ரிசேகர், இவர்களில் யார் உரிய நபர் என்றுதானே கேட்கிறார்கள்? இரண்டும் ஒரே ஆள்தான் என்று பேட்டை கிளப் ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு நல்ல யோசனைகள் எல்லாம் இப்படித்தான் தோன்றும், படியிறங்கும்போது வழுக்குவது மாதிரி.

கிளப்பில் செயலாளர் பல்ட்டு தா கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

"எந்த கோகோன்?" என்றார், ஸ்ட்ரைக்கரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க மூணு பேர் இருக்காங்க. மீன் கடை கோகோன், குண்டு கோகோன், வாத்தியார் கோகோன் தா."

"வாத்தியார்தான். அவரோட நல்ல பேரு ஹிமாத்ரிசேகர்னு எழுதிக் குடுக்கணும்."

"ஹிமாத்ரிசேகரா? யாரு சொன்னது?"

"பாஸ்போர்ட்."

"இருபத்தஞ்சு வருஷமா பூஜை சந்தா ரசீது கோகோன்னுதான் போடறேன். மனுஷன் ஒரு தடவைகூட இல்லைன்னு சொன்னதில்லையே." குண்டு கோகோனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?"

"எனக்கு என் நல்ல பேரே சட்டுன்னு வராது" என்றான் குண்டு கோகோன்.

"சரி, திடீர்னு எதுக்கு நல்ல பேரு?"

ரகசியம் காக்க வேண்டுமே. "ஒரு... இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்" என்றேன்.

கேரம் காய்கள் நின்றன. எங்கள் பக்கத்தில் ஒரு மனிதருக்கு நல்ல பெயர் திடீரென்று தேவைப்படுவது எந்தச் சமயத்தில் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அப்போது தோன்றவில்லை.

"எப்போ?" என்றார் பல்ட்டு தா, மெதுவாக.

"போன மாசம். வெளிநாட்டுல."

"அடக் கடவுளே. வெளிநாட்டுலயா? அதான் மார்க்கெட் பக்கமே காணோம். ரொம்பக் கஷ்டப்பட்டாரோ?"

"ரொம்ப. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேச முடியல. தொண்டையில..." சொல்லக் கூடாதது ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்தினேன். என் தொண்டைதான் அடைத்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் என் தோளில் கை வைத்தார்.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"இப்போ கொஞ்சம் தேவலை."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பல்ட்டு தா உள்ளே போய், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு சான்றிதழுக்கு இவ்வளவு மனசு வைக்கிறாரே என்று எனக்கே நெகிழ்ச்சியாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் உறையைப் பிரிக்காமலே கேமக் தெருவில் கொடுத்தேன். ஸ்வெட்டரின் முதுகு முடிந்திருந்தது. "லெட்டர் வரும்" என்றார் திருமதி சாந்த்ரா.

சாயங்காலம் நல்ல சேதி சொல்லலாம் என்று பிஜய்கர் போனால், வாசலில் முப்பது ஜோடி செருப்பு. உள்ளே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, ஊதுவத்திக் கட்டு, சம்பங்கி மாலை. நடு நாற்காலியில் மேஷோ. கதவைத் திறந்தவரே அவர்தானாம். வாங்கி வந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் யாரோ அவர் கழுத்திலேயே போட்டிருந்தார்கள். மாஷிமா மூலையில் நின்று கையில் இருந்த சுமங்கலிச் சங்கு வளையலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதோ வந்துட்டான்!" என்றார் பல்ட்டு தா. "கோகோன் தா போயிட்டார்னு நீதானேப்பா சொன்னே?"

"நான் சொல்லலையே!"

"கடைசி வரைக்கும் பேச முடியலைன்னியே!"

"முள்ளு மாட்டியிருந்தா எப்படிப் பேசுவார்?"

தோர்ஷா சமையலறை வாசலில் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்ன முள்ளு?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"கோழி" என்றேன்.

"கோழிக்கு ஏதுங்க முள்ளு?"

கேட்டது மீன் கடை கோகோன். ஊரில் இந்தக் கேள்வியை யாரிடமிருந்து வாங்கியிருக்கக் கூடாதோ அவனிடமிருந்தே வாங்கினேன். மேஷோ கண்ணை மூடிக்கொண்டார். மாலையோடு அப்படி அவர் கண்ணை மூடியதும், வந்தவர்கள் வந்த வேலைக்குப் பொருத்தமான காட்சியைப் பார்த்த திருப்தியோடு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

ரகசியம்தான் போய்விட்டதே என்று மறுநாள் அவர் மார்க்கெட் பையை ஆணியிலிருந்து எடுத்தார். நானும் கூடப் போனேன், பை தூக்க. தூரத்திலேயே மீன் கடை கோகோனின் குரல் வந்தது.

"வாங்க மாஸ்டர்மொஷாய்! உங்களுக்குன்னே பாசா மீன் எடுத்து வச்சிருக்கேன். துளி முள்ளு கிடையாது. பால் குடிக்கற குழந்தைக்குக்கூடக் குடுக்கலாம்!"

மேஷோ திரும்பி நடந்தார். கோழிக் கடையையும் தாண்டினார். அன்று தத்தகுப்தா வீட்டில் முட்டை. அவர் முதுகு கொஞ்சம் வளைந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பைக்குள் ஆறு முட்டை. அதிலும் இரண்டை உடைத்துவிட்டேன்.

அடுத்த லெட்டர் ஜனவரி கடைசியில் வந்தது. "மறைந்த திரு. கோகோன் தத்தகுப்தா அவர்களின் இறப்புச் சான்றிதழை இணைக்கவும். மற்றபடி, ஏற்கெனவே தெரிவித்தவாறு, உரிய நபர் மூலமே சமர்ப்பிக்கவும்." பல்ட்டு தா எழுதிய ஒரு பக்கம் சான்றிதழ் இல்லை, இரங்கற்பா. 'சூரியன் கிழக்கே உதிக்கும் என்று எங்களுக்கு வரைபடத்தில் காட்டியவர் மேற்கே சாய்ந்தார்' என்று தொடங்கியதாகப் பின்னால் தெரிந்தது. கடைசி வரியில் மட்டும் 'ஹிமாத்ரிசேகர் என்றும் சொல்வார்கள்' என்று இருந்தது.

மேஷோ அலமாரியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பென்ஷனுக்காக பாங்கில் கொடுத்த உயிர்ச் சான்றின் நகல்.

"நவம்பர் மாசம் நான் உயிரோட இருந்திருக்கேன்னு இதுல இருக்கு. அதுக்கப்புறம் நடந்ததுக்கு நீங்கதான் பொறுப்பு, பாக்சி பாபு."

அந்த வாரம் தோர்ஷா போன் செய்தாள். குரலில் கிண்டல் இல்லை; அதுதான் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை உத்தர்பாராவுல இருந்து வராங்க. பெரிய அத்தை வரச் சொல்லிட்டா."

"உங்கப்பா என்ன சொன்னார்?"

"வந்தா வரட்டும், டீ குடுன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"டீயில உப்பு போடுவேன்னேன். ஆனா எத்தனை பேருக்குப் போட முடியும், சொல்லு? அவர் வாயிலேர்ந்து ஒரு பதிலை வாங்கிட்டு வா. ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி."

சனிக்கிழமை காலையில் போய் மேஷோவின் எதிரே நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் மடிந்துவிடும்.

"மேஷோ, இன்னைக்கு நான் உண்மையை எழுதிக் குடுக்கப்போறேன். பேரைத் தப்பாப் போட்டது நான். கோழின்னு எழுதினது நான். கிளப் லெட்டரைப் படிக்காம குடுத்தது நான். மாட்டினது மீன் முள்ளுதான்னும் எழுதப்போறேன். எல்லாம் என் தப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். ஹோமியோபதி மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். உள்ளே பிறை மாதிரி வளைந்த ஒரு முள்.

"இதையும் கொண்டுபோங்க. ரெண்டு புள்ளி எட்டு சென்டிமீட்டர். அங்கயே அளந்து எழுதிக் குடுத்தாங்க." தொண்டையைச் செருமினார். "அப்படி ஒண்ணும் சின்ன முள்ளு இல்ல."

"ரொம்பப் பெருசு, மேஷோ" என்றேன், மனப்பூர்வமாக.

அவர் முகம் ஒரு நூல் அளவு இளகிய மாதிரி தெரிந்தது. இதுதான் சமயம் என்று கேட்டேன். "என் விஷயத்துல நேரா ஒரு பதில் சொல்லிடுங்க. நாளைக்கு உத்தர்பாராக்காரங்க வராங்க. நான் வரணுமா, வரவே வேண்டாமா?"

மேஷோ பேப்பரை எடுத்து விரித்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து ரம்பம் பேசியது.

"நான் எழுத வேண்டியதையெல்லாம் ஹனோய்லயே எழுதிக் குடுத்துட்டேன். திரும்பத் திரும்ப வாயால சொல்லணும்னா எப்படி? தொண்டை சரியில்லை."

நான் கேட்டது கல்யாணம், அவர் சொல்வது ஆஸ்பத்திரிக் காகிதம். அவ்வளவுதான் என் நிலைமை என்று புரிந்துகொண்டேன். குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த முள் என் நெஞ்சுக்கு நேராகக் குத்திக்கொண்டே வந்தது, கண்ணாடிக்குள் இருந்தும்.

கேமக் தெரு. நாலு மாடி. ஆறாம் நம்பர். ஸ்வெட்டர் முடிந்துவிட்டது, திருமதி சாந்த்ரா கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார்.

உயிர்ச் சான்றை வைத்தேன். ஒப்புதல் கடிதத்தை வைத்தேன். அதன்மேல் குப்பியை வைத்தேன்.

"இது என்ன சார்?"

"முள்ளு. மீனோடது. கோழியோடது இல்லை. இவர் உயிரோடதான் இருக்கார். கோகோனும் இவர்தான், ஹிமாத்ரிசேகரும் இவர்தான். லெட்டர்ல வரும்னு மட்டும் சொல்லாதீங்க, அம்மா. உங்க லெட்டர் ஒண்ணு வந்து அவரைக் கொன்னுச்சு. நாளைக்கு உத்தர்பாராவுல இருந்து ஆள் வருது. இந்த க்ளெய்ம் முடிஞ்சாத்தான் அவர் எனக்குப் பொண்ணு தருவாரா மாட்டாரான்னாவது தெரியும். என்ன குறைன்னு நேரா ஒரு வார்த்தை சொல்லுங்க. கிடைக்காதுன்னாலும் பரவாயில்லை."

நீளமாகப் பேசிவிட்டேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் "சொல்லிடுங்க அம்மா, பாவம்" என்றார்.

திருமதி சாந்த்ரா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஃபைலை இழுத்துப் பிரித்தார்.

"இதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆனா ஸ்வெட்டரே முடிஞ்சுபோச்சு, நீங்க இன்னும் வந்துக்கிட்டிருக்கீங்க." பக்கங்களைப் புரட்டினார். "பேரு விஷயம் முதல் நாளே சரியாயிடுச்சு. பாஸ்போர்ட் நம்பர் ஒத்துப்போகுதே. வங்காளத்துல கவுன்ட்டர் நடத்தறோம் சார், வீட்டுப் பேருல பாலிசி எடுத்துட்டு மாசம் பத்துப் பேர் வராங்க."

"அப்போ மீனா, கோழியா...?"

"தொண்டையில மாட்டினது எதுவா இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான்."

"கிளப் லெட்டர்?"

"ஆபீஸ் முழுக்க வாங்கிப் படிச்சோம். ரொம்ப உருக்கமா எழுதியிருந்தார்."

"அப்போ என்னதான் அம்மா பாக்கி?"

"ஒரே ஒரு கையெழுத்து."

ஃபைலின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஹனோய் ஆஸ்பத்திரியின் முத்திரை. கோணலாக எழுதியிருந்தாலும், கரும்பலகையில் பழகிய அந்த உருண்டை எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்துதான்.

"நோயாளியால பேச முடியாதப்போ, ஊர்ல தன் சார்பா எல்லாத்தையும் பார்த்துக்க ஒருத்தர் பேரை எழுதச் சொல்லுவாங்க. அன்னைக்கே எழுதிக் குடுத்திருக்கார். அந்த ஆள் வந்து கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சது. உரிய நபர், உரிய நபர்னு நாங்களும் லெட்டர் மேல லெட்டர் போட்டாச்சு. குடுத்திருக்கற நம்பர் லேண்ட்லைன், மணியே அடிக்கறதில்லை. நீங்க அந்த வீட்டுக்குப் போய் வர்றவராச்சே, உங்களுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கும்."

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"பேரு, ஹூலோ. உறவுமுறைக்கு நேரா மாப்பிள்ளைன்னு போட்டிருக்கார். ரெண்டு மாசமா தேடறோம், யாரு சார் இந்த மாப்பிள்ளை?"